கல்லாவிலிருந்து தொடங்கலாம்

காசு சேர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள்தான் வரும். "இதுக்கு நிறைய செலவாகுமே?" என்பது ஒன்று. "எங்க வீட்ல ஒரு பழைய காசு இருக்கு, எவ்வளவுக்குப் போகும்?" என்பது இன்னொன்று. புரசைவாக்கத்தில் எங்கள் மளிகைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடி பல வருடங்களாக இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி வருகிறேன். என் பதில் ஒன்றுதான்: விலையை விடுங்கள், முதலில் காசைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்துவிட்டால் செலவும் குறையும், ஏமாறுவதும் குறையும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வாடிக்கையாளர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் வந்து, நான் மேசையில் கொட்டி எண்ணும் சில்லறையைப் புரட்டிப் பார்ப்பார். சோழர் காசு எங்கே கிடைக்கும் சார் என்று ஆர்வமாகக் கேட்டேன். "கல்லாவுல இருக்கறதையே நீ இன்னும் பார்க்கலையேம்மா" என்றார். அன்று அவர் சொல்லித் தந்ததைத்தான் புதிதாக வரும் எல்லோருக்கும் நான் முதல் பாடமாகச் சொல்கிறேன்.

பர்ஸில் இருக்கும் சில்லறையை எடுத்து, வருடம் அச்சிட்ட இடத்துக்குக் கீழே பாருங்கள். சின்னதாக ஒரு வைர வடிவம் இருந்தால் மும்பையில் அச்சானது. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒரு புள்ளி மட்டும் இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இந்த நான்கு நாணயச்சாலைகள்தான் இன்று நம் காசுகளை அடிக்கின்றன. ஒரே வருடத்து ஒரு ரூபாயை நான்கு குறிகளிலும் சேர்க்க முயன்று பாருங்கள். ஒன்றிரண்டு சட்டென்று கிடைக்கும், மீதி மாதக்கணக்கில் கண்ணில் படாது. அந்த வருடத்தில் எந்தச் சாலை எவ்வளவு அடித்தது, அது நம் ஊர்ப்பக்கம் வந்ததா என்பதைப் பொறுத்தது அது. அபூர்வம் என்பதை நீங்களே விரல்நுனியில் உணர்ந்துகொள்ள இதைவிட மலிவான பயிற்சி கிடையாது. போட்ட பணம் போட்டபடி இருக்கும்; வேண்டாமென்றால் பால் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய ஒரு ரூபாய்க் காசுகள் இருந்தால் இன்னும் நிதானமாகப் பாருங்கள். சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது நம் அரசு வெளிநாடுகளில் காசு அடித்து வரவழைத்திருக்கிறது. 1985-ஆம் வருட ஒரு ரூபாய் சிலவற்றில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது பர்மிங்ஹாமில் அச்சானது. 1990-களின் கடைசியில் வந்த ஒரு ரூபாய்க் காசுகளில் மெக்சிகோ நகரத்தின் குறியும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா குறியும், ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா குறியும் உண்டு. 1999-இன் 5 ரூபாய் சில மாஸ்கோவில் அடிக்கப்பட்டவை. காய்கறிக்காரரிடமிருந்து மீதியாக வந்த காசு மாஸ்கோவிலிருந்து புறப்பட்டது என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அடுத்த இடம் வீட்டுப் பழைய டப்பா. அஞ்சறைப் பெட்டி, பீரோவின் உள் அறை, சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த முடிச்சு: சென்னையில் நான் விசாரித்த வீடுகளில் பெரும்பாலும் இங்கேதான் காசுகள் தூங்குகின்றன. அலுமினியக் காசுகள் நிறைய இருக்கும். சதுரமான 1 பைசா, பூவிதழ் விளிம்புள்ள 2 பைசா, அறுகோண 3 பைசா, மூலை மழுங்கிய சதுர 5 பைசா என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் தடவிப் பார்த்தே கணக்குச் சொல்ல முடிந்த காசுகள் அவை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா என்ற கணக்கு வந்தது. 1964 வரை வந்த பைசாக் காசுகளில் 'நயா பைசா' என்று இருக்கும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவையாகிவிட்டன. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும், எந்தக் கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும்.

அதற்கு முந்தைய காலத்துக்குப் போனால் அணாக் கணக்கு. 16 அணா ஒரு ரூபாய், 4 காலணா ஓர் அணா. வயதானவர்கள் பலர் முதலில் கேட்பது ஓட்டைக் காலணாவைத்தான். 1943 முதல் 1947 வரை வந்த அந்தக் காசின் நடுவில் ஓட்டை இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இரண்டாம் உலகப்போரில் செம்புக்குத் தட்டுப்பாடு. வெள்ளி ரூபாயும் அதே கதையைச் சொல்லும். 1939 வரை வந்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் அது பாதியானது. 1947-இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. போரின்போது அமெரிக்காவிடம் வெள்ளியைக் கடனாக வாங்கியிருந்தார்கள். அதைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. 1947 ரூபாயின் ஒரு பக்கம் புலி நடந்து போகும். காந்தத்தை அருகில் கொண்டு போனால் கவ்விக்கொள்ளும், ஏனென்றால் நிக்கலை காந்தம் இழுக்கும். அந்த மூன்று ரூபாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டில் ஜார்ஜ் தலை, மூன்றாவதிலும் ஜார்ஜ் தலை, ஆனால் ஒரு சாம்ராஜ்யம் கரைந்துபோவது உலோகத்தில் தெரியும்.

கண்ணில் பட்டதையெல்லாம் சேர்ப்பது ஆரம்பத்தில் சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச நாளில் டப்பா நிறையும், மனசு நிறையாது. ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று பெரியவர் சொன்னார். யானை பொறித்த காசுகள், பிறந்த வருடத்துக் காசுகள், நினைவு நாணயங்கள், ஒரே ஒரு ராஜாவின் காசுகள், எதுவாகவும் இருக்கலாம். நான் தேர்ந்துகொண்டது தமிழ் எழுத்து பொறித்த காசுகள்.

இந்த வழியில் போனதில் எனக்குக் கிடைத்த வரலாறு பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. ராஜராஜ சோழனின் செப்புக்காசில் தமிழ் இருக்கும் என்றுதான் நினைப்போம். இருப்பது 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்தில். ஆனால் அவனுக்கு ஆயிரம் வருடம் முந்திய சங்ககாலப் பாண்டியரின் காசில் 'பெருவழுதி' என்று தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் பெயர் இருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் அதை அடையாளம் கண்டார். காசு இருந்தது, பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள், படித்தவர் அவர். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காளை உருவத்துக்குக் கீழே 'சேது' என்று தமிழில் பொறித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த 'டுடு' என்ற செப்புக்காசின் பின்பக்கம் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸில் வெளியிட்ட ஐந்து பண ('பணம்' என்பது அன்றைய ஒரு நாணய அளவு) வெள்ளிக்காசில் ஆங்கிலமும் பாரசீகமும் ஒரு பக்கம், தமிழும் தெலுங்கும் மறுபக்கம். நம் சந்தையில் புழங்க வேண்டுமானால் நம் எழுத்து வேண்டும் என்று வியாபாரம் செய்ய வந்தவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அதே ஆங்கிலேயர் ஆட்சியில் ஐந்தாம் ஜார்ஜின் ஓரணா நிக்கல் காசில் தெலுங்கு இருக்கிறது, வங்காளி இருக்கிறது, தமிழ் இல்லை.

இவையெல்லாம் எட்டாத உயரம் என்று நினைக்க வேண்டாம். இலங்கைக் காசுகளில் தமிழ் உண்டு. பனைமரம் போட்ட பழைய சிலோன் சதக் காசுகளில் மரத்தின் ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். சிங்கப்பூர்க் காசில் நான்கு மொழிகளில் ஒன்றாக 'சிங்கப்பூர்' என்று இருக்கும். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் வரும்போது சில்லறையைச் செலவழிக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள். 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. அது என் கல்லாவுக்கே வந்து சேர்ந்தது. 2024-இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்று தமிழில் பொறித்திருக்கிறார்கள். அதுபோன்ற நினைவு நாணயங்கள் புழக்கத்துக்கு வராது. நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனத்திடமே முன்பதிவு செய்து வாங்கலாம். இடைத்தரகர் தேவையில்லை, ஆனால் கைக்கு வரப் பொறுமை தேவை.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. தங்கசாலைத் தெருவில் நடக்கிறவர்கள் மெட்ராஸின் நாணயச்சாலை இருந்த இடத்தைத்தான் கடக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது மூடப்பட்டு, அரசு அச்சகம் அங்கே வந்தது. அந்தக் காலத்துக் கணக்கில் வராகன் என்ற பொற்காசு ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. செப்புக்காசு போதாதபோது கம்பெனி இங்கிலாந்திலேயே அடித்துக் கப்பலில் அனுப்பியது. அப்படி 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றி மெட்ராஸுக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிவிட்டது. 1980-களில் அவற்றை வெளியே எடுத்தார்கள். 1808 என்று போட்ட, மெட்ராஸைப் பார்க்காத மெட்ராஸ் காசுகள் இன்றும் உலகம் முழுக்க விற்பனையில் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன்னால் பார்த்துப் பழக வேண்டிய இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதி. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போகலாம். ஒரே நடையில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். அசல் காசின் தேய்மானம் எப்படி இருக்கும், எழுத்தின் விளிம்பு எப்படி மழுங்கும் என்று கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். நகரில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்கும் போங்கள். சேகரிப்பவர்கள் இதில் தாராளமானவர்கள். ஆர்வமாகக் கேட்டால் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். ஓரத்தைப் பிடித்து வாங்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள். விரல் வியர்வை செம்பிலும் வெள்ளியிலும் கறையாகத் தங்கிவிடும்.

இனி நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கும் விஷயம். பழைய காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், விபூதி, பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டில் புதுக்கோட்டை அம்மன் காசுகள் ஒரு கைப்பிடி இருந்தன. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. எனக்குக் காட்டுவதற்காகப் பளபளவென்று இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்துவிட்டார். புதுச் செம்புபோல மின்னின. அம்மன் முகம் பாதி போயிருந்தது. செம்பின் மேல் பல வருடங்களில் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் அதன் தோல். அது காசைக் காப்பாற்றுகிறது, அசல் என்று சாட்சியும் சொல்கிறது. தேய்த்த காசைத் தேர்ந்த சேகரிப்பாளர் தொட மாட்டார். மண் ஒட்டியிருந்தால் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிட்டு, ஒத்தி எடுத்து உலர வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாகப் பூத்திருந்தால் அதை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். உப்புச் சேர்ந்து செம்பை அரிக்கும் வியாதி அது, உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கடற்கரை ஊரில் பாதுகாப்பதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். வழவழப்பான மலிவு பிவிசி பாக்கெட்டுகள் நம் வெயிலில் பிசுபிசுத்து, காசின் மேல் பச்சைப் படலமாக இறங்கும். காயின் ஹோல்டர் என்று கேட்டால் நடுவில் ஒளி ஊடுருவும் தாள் வைத்த சதுர அட்டை கிடைக்கும். அதையே வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் நம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும், ஒட்டும் வகை அட்டை நல்லது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலம் வருமுன் மாற்றிவிடுங்கள். வெள்ளிக் காசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் கறுக்க வைத்துவிடும்.

வாங்கும்போது கையில் மூன்று பொருள்கள் போதும்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும், கூடவே கூடாது. காந்தம் கவ்வினால் வெள்ளி இல்லை. வார்ப்பில் செய்த போலியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோலக் குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும் தெரியும். அனுமன், ராமர் பட்டாபிஷேகம் போட்டு 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று நடைபாதைகளில் கிடைப்பவை காசே அல்ல. பிற்காலத்தில் யாரோ செய்த வில்லைகள். கம்பெனி இந்தியா முழுக்கப் பொதுக்காசு வெளியிடத் தொடங்கியதே 1835-இல்தான். மெட்ராஸில் கம்பெனி அடித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக்காசுகளில் கோபுரமும் விஷ்ணுவும் இருந்தது உண்மை. அதை அருங்காட்சியகத்திலோ நல்ல நூலிலோ ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த வில்லைகளோடு குழம்ப மாட்டீர்கள்.

அந்த வில்லைகளைச் சும்மா விற்றால்கூடப் பரவாயில்லை. அதே காசு அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது, கோடிக்கு வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறார்கள்! இரும்புத்தூள் கலந்த அரிசியும் மறைத்து வைத்த காந்தமும்தான் அந்த வித்தை. அரிசியை இழுக்கும் காசு உலகத்தில் கிடையாது. இதன் புதிய அவதாரம் கைப்பேசியில் வருகிறது. வைஷ்ணோதேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசுக்கு லட்சம், 786 எண் நோட்டுக்கு லட்சம், முதலில் பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லுவார்கள். பழைய காசு, நோட்டு வாங்குவதிலோ விற்பதிலோ தனக்குத் தொடர்பே இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-இலேயே பொது அறிவிப்பு கொடுத்திருக்கிறது. காசு வாங்க வருகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால் அந்த அழைப்பை அத்தோடு துண்டித்துவிடுங்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய மைத்துனர் கட்டணம், வரி, கூரியர் என்று தவணை தவணையாக அனுப்பிக்கொண்டே இருந்தார். கையில் இருந்த அந்த 5 ரூபாய் இன்னும் 5 ரூபாயாகவே இருக்கிறது.

சட்டம் பற்றி இரண்டு செய்திகள். வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலில் ஏர் உழும்போதோ காசுக்குடம் கிடைத்தால் அது கண்டெடுத்தவர் சொத்து ஆகிவிடாது. 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 100 வருடத்துக்கு மேற்பட்ட காசுகள் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனி நபர் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டு போகவோ அனுப்பவோ கூடாது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் "தாத்தாவோட ராணி ரூபாய் பேரனுக்கு" என்று பெட்டியில் வைத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் பாசம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கடைசியாக ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண், எந்த நாட்டுக் காசு, வருடம், அச்சுக்குறி, எடை, யாரிடமிருந்து எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று எழுதி, அதே எண்ணை அட்டையிலும் எழுதுங்கள். பெரியவர் தம் காசுகளுக்கெல்லாம் இப்படி எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அவர் மகள் ஒரு பையோடு கடைக்கு வந்தார். சௌகார்பேட்டையில் வெள்ளிக் காசுகளை எடைக்குக் கேட்டார்களாம். "அக்கா, அப்பா உங்க பேரை நோட்டுல எழுதியிருக்காரு, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம், எதற்கு நேர்மையான விலை கேட்கலாம் என்பதெல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. வெள்ளி விலைக்கு மேல் ஒரு பைசா மதிப்பில்லாத தேய்ந்த ரூபாய்கள் எவை என்பதையும் அவரே குறித்திருந்தார். மகள் அவற்றை மட்டும் விற்றார். மற்றவற்றை, நோட்டோடு சேர்த்து, கல்லூரியில் படிக்கும் தம் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் இப்போது சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து என் கல்லாவைக் கொட்டச் சொல்கிறாள். நொய்டா புள்ளி போட்ட 2 ரூபாயில் அவளுக்கு இன்னும் சில வருடங்கள் பாக்கி இருக்கின்றன.